பார்வையாளரா, குடிமகனா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "அரை மணி நேரம் பேசணும், எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க, அரசியல் மட்டும் வேண்டாம்" என்றார். நான் உடனே, "அரசியலைப் பற்றித்தான் பேசப்போகிறேன், ஆனால் எந்தக் கட்சியைப் பற்றியும் பேசமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தேன். அவர் பயந்துகொண்டேதான் சம்மதித்தார். அந்த வாக்கைக் காப்பாற்றப் பார்க்கிறேன்.

நான் 1978 முதல் 1981 வரை இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவன். விடுதியில் எனக்கு ஓர் அறைத்தோழன் இருந்தான். அவன் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. 1980-ம் ஆண்டை எங்கள் செட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. ஜனவரியில் நாடாளுமன்றத் தேர்தல். தமிழ்நாட்டின் 39 இடங்களில் எம்.ஜி.ஆர். அணிக்கு இரண்டே இடம். பிப்ரவரியில் அவருடைய ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதம் சட்டமன்றத் தேர்தல். அதில் அவரே மீண்டும் ஜெயித்து வந்தார். ஜனவரியில் விடுதியில் நான் மிட்டாய் கொடுத்தேன். ஜூனில் கல்லூரி திறந்ததும் அவன் கொடுத்தான். இரண்டு பேரும் இரண்டு மிட்டாயையும் சாப்பிட்டோம். அதுதான் முக்கியம்.

அந்த நாட்களில் பொதுக்கூட்டம் என்றால் எங்களுக்குத் திருவிழா. இரவு பத்து மணிக்கு மைக்கை அணைக்க வேண்டும் என்ற கண்டிப்பெல்லாம் அப்போது கிடையாது. எட்டு மணிக்கு வருவார் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கும், தலைவர் இரண்டு மணிக்கு வருவார். விடுதிக் காப்பாளருக்குத் தெரியாமல் சுவர் ஏறிக் குதித்து, மூன்று மைல் நடந்து, வேர்க்கடலைப் பொட்டலத்தோடு மண்ணில் உட்கார்ந்து கேட்போம். அடுக்குமொழிக்குக் கைதட்டுவோம். எதிர்க்கட்சிக்காரர் நன்றாகப் பேசினால் அவருக்கும் கைதட்டுவோம். இதில் வேடிக்கை என்னவென்றால், அப்போது ஓட்டுப் போடும் வயது 21. எங்களில் பெரும்பாலோருக்கு ஓட்டே கிடையாது! அது 18 ஆனது 1989-ல்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "எங்கள் காலத்தில் அரசியல் புனிதமாக இருந்தது, இப்போதுதான் அது பொழுதுபோக்காகி விட்டது" என்று பேச எனக்கு அருகதை இல்லை. தமிழ்நாட்டில் அரசியலும் பொழுதுபோக்கும் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள். அண்ணா எழுதிய 'வேலைக்காரி' படமாக வந்தது 1949-ல். கலைஞர் வசனம் எழுதிய 'பராசக்தி' 1952-ல். சோ அவர்களின் 'முகமது பின் துக்ளக்' 1968-ல் மேடையிலும் 1971-ல் திரையிலும் வந்து, அரசியல்வாதிகளைப் பார்த்துச் சிரிக்க நமக்குச் சொல்லிக்கொடுத்தது. நாடகமும் சினிமாவும் மேடைத் தமிழும் இல்லாவிட்டால், பள்ளிக்கூடப் பக்கமே போகாத லட்சக்கணக்கான மக்கள் அரசியலுக்குள் வந்திருக்கவே மாட்டார்கள். ஆகவே ரசிப்பது குற்றமல்ல. மீம்ஸ் போடும் மாணவர்களே, நீங்களும் பயப்பட வேண்டாம். உங்களைத் திட்டுவதற்காக நான் வரவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அன்றைக்கு ரசிப்பு என்பது ஒரு வாசல். சினிமா பார்த்தவன் கூட்டத்துக்குப் போனான். கூட்டத்துக்குப் போனவன் படிப்பகத்துக்குப் போய்ப் பேப்பர் படித்தான். பேப்பர் படித்தவன் தெருக்குழாய்க்காக மனுப் போட்டான், மறியல் செய்தான், சிலர் ஜெயிலுக்கும் போனார்கள். எல்லோரும் அப்படிச் செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். வாசல் திறந்திருந்தது, விரும்பியவர்கள் உள்ளே போனார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு அந்த வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டோம். நடக்க வேண்டியதில்லை, பக்கத்தில் யாரும் இருக்க வேண்டியதில்லை. வேடிக்கை நம் சோபாவுக்கே வருகிறது, இப்போது உள்ளங்கைக்கே வந்துவிட்டது. நீல் போஸ்ட்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1985-லேயே, டி.வி.யானது பொது விவாதத்தைக் கேளிக்கையாக மாற்றிவிடும் என்று ஒரு புத்தகமே எழுதினார். அதைப் படித்துவிட்டு நான் பெருமையாகத் தலையாட்டியிருக்கிறேன். படித்துவிட்டு மறுபடி டி.வி.யைத்தான் போட்டேன்.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ஒரு வங்கியில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு என் வேலை என்ன தெரியுமா? ராத்திரி எட்டு மணி விவாதம், ஒன்பது மணி விவாதம், அதற்குப் பிறகு அந்த விவாதங்களைப் பற்றி வாட்ஸ்அப்பில் விவாதம். 2017 பிப்ரவரி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜெயலலிதா அவர்கள் மறைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கூவத்தூர் விடுதியில் எம்.எல்.ஏ.க்கள் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். பத்து நாள் நான் டி.வி. முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. எந்த எம்.எல்.ஏ. எந்தப் பக்கம் என்று பட்டியலே எழுதி வைத்திருந்தேன். பிப்ரவரி 18-ம் தேதி சட்டமன்றத்தில் 122 பேர் ஆதரவோடு நம்பிக்கை வாக்கெடுப்பு முடிந்தபோது, ஐந்து நாள் டெஸ்ட் மேட்ச் பார்த்து முடித்தவன் மாதிரி களைத்துப்போனேன். "இந்த மனுஷன் முதலமைச்சர் ஆகப்போறாரா, இல்ல நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிடப் போறாரா? எதுக்கு இப்படி?" என்று என் மனைவி கேட்டாள். "இது ஜனநாயகக் கடமை" என்றேன்.

2021 நவம்பரில் பெருமழை. எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் வெட்டி, சில இடங்களில் மூடி போடாமலே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தண்ணீர் நின்றால் ரோடு எது, வடிகால் எது என்று தெரியாது. ஒரு நாள் சாயங்காலம் பால் வாங்கப் போன என் மனைவி அதில் காலை வைத்து விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

எனக்குக் கோபமான கோபம். மறுநாள் காலையில் தெருமுனை டீக்கடையில் நின்று, "இந்த வார்டு கவுன்சிலர் யாருய்யா? அவர் வீட்டை மட்டும் காட்டு" என்று சத்தம் போட்டேன். டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே அமைதியாகச் சொன்னார்: "கவுன்சிலரா? நமக்குக் கவுன்சிலரே இல்லையே சார், அஞ்சு வருஷமா."

நண்பர்களே, என் வாழ்க்கையில் அப்படி ஓர் அடி நான் வாங்கியதில்லை.

உண்மை அதுதான். தமிழ்நாட்டு உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே நடக்கவேண்டிய தேர்தலின் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு, வழக்கு, மேல்வழக்கு என்று இழுத்தது. 27 மாவட்டங்களின் கிராமப்புறங்களுக்குத் தேர்தல் வந்தது 2019 டிசம்பரில். மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில். நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான். சென்னை மாநகராட்சி உட்பட, எல்லா நகரங்களிலும் ஐந்து வருடத்துக்கு மேல் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு கவுன்சிலர்கூட இல்லை. தனி அலுவலர்கள் ஆண்டார்கள். தேர்ந்தெடுத்த மன்றங்கள் இல்லாத காரணத்தால் உள்ளாட்சிகளுக்கு வரவேண்டிய மத்திய மானியத்தில் பெரும் தொகை நிறுத்தி வைக்கப்பட்டது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நான் கூவத்தூர் விடுதியை டி.வி.யில் இமைகொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பத்து நாளிலும், என் வார்டில் கவுன்சிலர் நாற்காலி காலியாகக் கிடந்தது. தமிழ்நாட்டில் ஒரு பஞ்சாயத்துத் தலைவர்கூட இல்லை. எனக்குத் தெரியாது. பட்டம் வாங்கியவன், வங்கி மேலாளராக இருந்தவன், தினமும் மூன்று பேப்பர் படிப்பவன், எனக்குத் தெரியாது! செய்தி மறைக்கப்படவில்லை. பேப்பரில் வந்துகொண்டுதான் இருந்தது. அதில் வில்லனும் இல்லை, கதாநாயகனும் இல்லை, 'அடுத்து என்ன?' என்ற பரபரப்பும் இல்லை. ஆகவே என் கண் அதன்மேல் நிற்கவே இல்லை. டீக்கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு லைசென்ஸ் வேலையாக ஆபீசுக்கு நடக்க வேண்டியிருந்தது, அதனால் தெரிந்தது.

பொழுதுபோக்கு அரசியலின் ஆபத்து இதுதான் என்று நான் நினைக்கிறேன். அது பொய் சொல்வதுகூட அப்புறம். எதைப் பார்ப்பது, எதைப் பார்க்காமல் விடுவது என்பதை நமக்காக அதுவே முடிவு செய்துவிடுகிறது. சுவாரசியமில்லாதது கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. ஆனால் நம் வாழ்க்கையைத் தாங்குவது எல்லாம் சுவாரசியமில்லாத விஷயங்கள்தான். குடிநீர், வடிகால், ரேஷன், பள்ளிக்கூடக் கழிப்பறை, வாக்காளர் பட்டியல்.

அது செய்யும் இரண்டாவது தீமையையும் சொல்லியாக வேண்டும். அது இந்த அரங்கத்தைத் தொடுகிற விஷயம். 2019 நாடாளுமன்றத் தேர்தல் சமயம், எங்கள் செட் வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு வீடியோவை அனுப்பினேன். என் பழைய அறைத்தோழன் அது பழைய படம், வேறு ஊரில் எடுத்தது என்று பதில் போட்டான். நான் அதைச் சரிபார்க்கவில்லை. "உன் கட்சிக்காரன் எல்லாம் இப்படித்தான்" என்று எழுதினேன். அவனும் எழுதினான். நாற்பது வருடத்துக்கு முன்னால் விடிய விடியச் சண்டை போட்டுவிட்டு காலையில் ஒரே தட்டில் இட்லி சாப்பிட்டவர்கள் நாங்கள். அன்றைக்கு அவன் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான். அதற்குப் பிறகு இரண்டரை வருடம் நாங்கள் பேசவில்லை. கொரோனா காலத்தில், அவன் இருக்கிறானா இல்லையா என்றுகூட நான் விசாரிக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

ஏன் அப்படி ஆயிற்று? விடுதியில் சண்டை போட்டபோது எதிரில் இருந்தது என் நண்பன். வாட்ஸ்அப்பில் சண்டை போட்டபோது எதிரில் இருந்தது டி.வி.யில் நான் தினமும் திட்டிக்கொண்டிருந்த ஓர் ஆள். அவன் முகத்தில் அந்த ஆளை ஒட்டிவிட்டேன்.

என் மனைவி விழுந்ததை யார் மூலமோ கேள்விப்பட்டு, போன் செய்தது அவன்தான். "தங்கச்சிக்கு எப்படிடா இருக்கு?" என்றான். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் டீக்கடைக் கதையைச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, "மாப்ளே, நீ டி.வி.யை நிறுத்த வேண்டாம். மாசத்துல ஒரு நாள் எனக்குக் கொடு" என்றான்.

அவன் ஆசிரியராக ஓய்வு பெற்று, சொந்தக் கிராமத்தில் இருக்கிறான். எந்தப் பதவியிலும் இல்லை. ஒரு கிராம சபையையும் விடமாட்டான். 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தமும், 1994-ம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கொடுத்த உரிமை அது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருடத்துக்கு நான்கு கூட்டம் இருந்தது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறு. ஊராட்சியின் வாக்காளர் யாராக இருந்தாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். அவன் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறான். போன கூட்டத்தில் என்ன தீர்மானம், இந்தக் கூட்டத்துக்குள் நடந்ததா, இல்லையா? அவ்வளவுதான் அதில் இருக்கிறது. "வரவு செலவு வாசிக்கச் சொல்லு. வாசிக்கிறதுக்கு முன்னாடி கையெழுத்துக் கேப்பாங்க, போடாதே. தீர்மானம் எழுதி முடிச்சதுக்கு அப்புறம் படிச்சுப் பாத்துட்டுப் போடு. இது தெரிஞ்சா பாதி அரசியல் தெரிஞ்ச மாதிரி" என்றான். இவ்வளவு அருமையான அரசியல் பாடத்தை எந்த விவாத மேடையிலும் நான் கேட்டதில்லை.

எனக்கு அவன் சொல்லிக்கொடுத்தது ஒரு வெள்ளைத்தாள் வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் நாடு முழுக்க வந்தது. ஆனால் 1997-லேயே இப்படி ஒரு சட்டம் செய்த முதல் மாநிலம் தமிழ்நாடு என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி மூன்றே கேள்வி எழுதினேன். வடிகால் வேலையின் மதிப்பீடு என்ன? அதில் மூடி உண்டா? வேலை முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா? கோபம் ஒரு வார்த்தைகூட இல்லை. "கோபத்தை எழுதினா பதில் வராது, கேள்வியை எழுதினாத்தான் வரும்" என்பது அவன் கட்டளை. முப்பது நாள் கெடு. பதில் வரவில்லை. மேல்முறையீடு எழுதினேன். பிறகு வந்தது. மதிப்பீட்டில் மூடி இருந்தது. வேலை முடியவில்லை என்றும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் 2022 பிப்ரவரித் தேர்தல் வந்துவிட்டது. தெருவுக்கு வந்த எல்லா வேட்பாளருக்கும், கட்சி பார்க்காமல், அந்தப் பதிலின் நகலை ஆளுக்கொன்று கொடுத்தோம். நாங்கள் ஐந்து வீட்டுக்காரர்கள். வெற்றி பெற்ற அம்மையாருக்கு நான் ஓட்டுப் போடவில்லை. அவர் அந்த நகலைப் பத்திரமாக வைத்திருந்தார். மன்றத்தில் கேட்டார். ஆகஸ்டில் மூடி போட்டார்கள். முழுத் தெருவுக்கும் அல்ல, பாதிக்குத்தான். மீதிப் பாதிக்கு நகல் இரண்டு கையில் வைத்திருக்கிறேன். அந்த வருடம் நவம்பர் 1-ம் தேதி நகரங்களில் முதன்முதலாகப் பகுதி சபா கூட்டியபோது போனேன். இருபது பேர்தான் வந்திருந்தோம். ஆனால் அந்த இருபது பேரில் எனக்கு எதிர்க்கட்சிக்காரர்கள் யார் என்று இன்றுவரை தெரியாது. வடிகாலைப் பற்றிப் பேசும்போது அது தேவைப்படவில்லை.

இதைப் பெரிய புரட்சி என்று சொல்ல நான் வரவில்லை. என் மனைவியின் மணிக்கட்டு முன்போல் திரும்புவதில்லை. தீபாவளிக்கு முறுக்குப் பிழிவது இப்போது என் வேலை. ஒவ்வொரு முறை பிழியும்போதும் கூவத்தூர் ஞாபகம் வருகிறது.

இது பழைய கதை என்றும் நினைத்துவிடாதீர்கள். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட 27 மாவட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. அப்போதும் உடனே தேர்தல் வரவில்லை. மறுபடி தனி அலுவலர்கள்தான் வந்தார்கள். அந்த மாதம் நாம் எத்தனை மணி நேரம் அரசியல் பார்த்தோம்? அதில் எத்தனை நிமிடம் இதைப் பற்றி?

முடிப்பதற்கு முன், இந்நாள் மாணவர்களுக்கு மூன்று சின்ன விஷயம். ஒன்று, பதினெட்டு வயதானவர்கள் படிவம் 6 கொடுத்துப் பட்டியலில் பெயரைச் சேருங்கள். முன்பு ஜனவரி 1 மட்டும்தான் தகுதி நாள். 2022 முதல் வருடத்துக்கு நான்கு தகுதி நாள் உண்டு. பதினேழு முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். இரண்டு, உங்கள் வார்டு எண்ணையும், அதற்குப் பொறுப்பு யார் என்பதையும், அந்த நாற்காலியில் ஆள் இருக்கிறாரா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று, ஏதாவது ஒரே ஒரு காரியத்தைக் கையில் எடுத்து ஒரு வருடம் பின்தொடருங்கள். நூலகம் திறக்கும் நேரமாக இருக்கட்டும், பஸ் நிறுத்தமாக இருக்கட்டும். பத்து விஷயத்துக்குக் கோபப்படுவதைவிட, ஒன்றை முடிக்கப் பார்ப்பது நல்லது. மிச்ச நேரத்தில் மீம்ஸ் போடுங்கள், தலைவர் பேச்சைக் கேளுங்கள், கைதட்டுங்கள். நானும் கைதட்டுவேன்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரே ஒரு விஷயம். குழுவிலிருந்து வெளியேறிய நண்பன் யாராவது உங்களுக்கும் இருந்தால், இன்றைக்கு ராத்திரியே போன் பண்ணுங்கள். அரசியலைப் பேசாமல் இருக்க அல்ல, மறுபடி பேசுவதற்காக. முகம் பார்த்துச் சண்டை போட ஆளில்லாத ஊரில் ஜனநாயகம் நடக்காது.

என் அறைத்தோழன் இந்த அரங்கில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் கட்சி மாறவில்லை, நானும் மாறவில்லை. சாப்பாடு முடிந்ததும் பழைய விடுதி வேப்பமரத்தடியில் எங்கள் சண்டை தொடரும். வேடிக்கை பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். ஆனால் வெறும் வேடிக்கை பார்க்க அனுமதி இல்லை. வந்தால் உங்கள் வார்டு எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.